மலைத்தோட்டத்துப் பேற்றறை

மாத்தளையின் வரலாற்றை எழுதுவோர் அலுவிகாரையில் பௌத்த நூல்கள் ஏட்டில் எழுதப்பெற்றதைக் கூறுவர். 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைக் கூறுவர். தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக நடந்து, தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து இந்நகரை வந்தடைந்த கோப்பித் தோட்டத் தொழிலாளரின் துயரத்தையும் கூறுவர். வாந்திபேதியாலும் அம்மையாலும் பட்டினியாலும் அவ்வழியில் மாண்டவர் ஆயிரக்கணக்கினர். அவர்களைப் பற்றி இன்று நூல்கள் உள. ஆயினும் அந்நூல்களிற் பெரும்பாலும் இடம்பெறாத சாவு ஒன்று உண்டு. பிள்ளையைப் பெற்றெடுத்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ குளிரும் சுரமும் கண்டு, அடிவயிறு வீங்கி, நினைவு தடுமாறிப் பிதற்றி, ஒரு வாரத்துக்குள் கண்மூடிய பெண்ணின் சாவே அது.

நேயர்களே, இன்றைய பேச்சு அந்தச் சாவின் வரலாற்றைப் பற்றியது. பெண்ணின் பிறப்புறுப்பைத் தாக்கும் நோய்களைக் குறித்து வானொலியிலே பேசுவது தகுமோ என்று சிலர் தயங்கக்கூடும். வீட்டிலே பேசாமல் விட்டதனால் விளைந்த கேடு எவ்வளவு என்பதை இவ்வரலாறே காட்டும் ஆதலின், அத்தயக்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டுத் தொடங்குவோம்.

கோப்பிக் காலத்தில் மாத்தளைக்கு நடந்து வந்தவருள் ஆடவரே மிகப் பெரும்பான்மையினர். பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, அது முடிந்ததும் ஊர் திரும்புவது அவர்கள் வழக்கம். 1869ஆம் ஆண்டில் இலைநோய் தோன்றிக் கோப்பியை மெல்ல மெல்ல அழித்தது. அதன் பின்னர் தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுத்தாக வேண்டும். கொழுந்தெடுக்கப் பெண்களின் விரல்கள் வேண்டும். 1880இல் புகையிரதப் பாதை மாத்தளை நகரை எட்டிய காலத்தை ஒட்டி, இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை, கம்மடுவை மலைகளிலே குடும்பங்கள் குடியமர்ந்தன. தேயிலையோடு கொக்கோவும், பின்னர் இறப்பரும் இம்மாவட்டத்தின் சரிவுகளில் வளர்ந்தன. குடும்பம் வந்ததும் பிறப்பும் வந்தது. தோட்டத்து லயமே பேற்றறை ஆயிற்று.

பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லப்படும் அந்தக் காம்பிராவை மலைநாட்டு நேயர்களுக்கு நான் வருணிக்க வேண்டியதில்லை. அடுப்பும் படுக்கையும் அதற்குள்ளேயே. புகை போக வழி இல்லை. வெளிச்சம் வரச் சாளரமும் பெரும்பாலும் இல்லை. பழஞ்சேலைக் கிழிசலை விரித்து, மண் தரையிலே பேறு நடந்தது. பேறு பார்த்தவள் லயத்திலே வாழ்ந்த மருத்துவிச்சி. அவளும் கொழுந்தெடுப்பவளே, பெரட்டுக்குப் போய்வந்த கையோடு பிள்ளைப்பேற்றுக்கு அழைக்கப்பட்டவள். தாய்க்கு நேர்ந்த சுரத்துக்கு அவர்கள் இட்ட பெயர் சன்னி. குளிர்காற்றுப் பட்டதென்றும், பத்தியம் முறிந்ததென்றும், தீட்டுக் கெட்டதென்றும், முனி அடித்ததென்றும் காரணம் பல கூறப்பட்டன. அக்காரணங்களுட் பெரும்பாலானவற்றிலே குற்றம் தாயின் தலையிலேயே விழுந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அவள்தான் பச்சைத்தண்ணீரைத் தொட்டாள். அவள்தான் வாசலிலே நின்றாள்.

இதைக் கேட்டு, படிப்பறியா மக்களின் பேதைமை என்று எவரும் நகைக்க வேண்டா. மாத்தளை மலைகளிலே கோப்பி செழித்திருந்த அதே 1840களில், ஐரோப்பாவின் தலைசிறந்த வைத்தியசாலைகளுள் ஒன்றான வியன்னா பொது வைத்தியசாலையிலும் இதே சுரம் தாய்மாரைக் கொன்றுகொண்டிருந்தது. அங்கிருந்த பேராசிரியர்கள் சொன்ன காரணங்களும் இவற்றைவிட மேலானவை அல்ல. காற்றிலே நச்சு என்றனர். தாய்ப்பால் திசைமாறி இரத்தத்திலே கலந்தது என்றனர். பெண்ணின் அச்சமும் வெட்கமுமே நோய்க்கு மூலம் என்று சொன்னாரும் உண்டு.

அவ்வைத்தியசாலையிலே பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. முதலாவதில் வைத்தியரும் வைத்திய மாணவரும் பேறு பார்த்தனர். இரண்டாவதில் மருத்துவிச்சிகள் பயிற்சி பெற்றனர். 1846ஆம் ஆண்டில் முதலாவது பிரிவிலே நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் இறந்தனர். இரண்டாவதிலே மூவருக்கும் குறைவு. முதலாவது பிரிவிலே சேர்க்க வேண்டாம் என்று பெண்கள் காலைப் பிடித்து அழுதார்களாம். அங்கே உதவி வைத்தியராயிருந்த இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் ஹங்கேரியர் இவ்வேற்றுமையைக் கண்டு உறக்கம் இழந்தார். 1847ஆம் ஆண்டில் அவருடைய நண்பரும் ஆசிரியருமான கொலெச்கா என்பவர், பிணப் பரிசோதனையின்போது ஒரு மாணவனின் கத்தி விரலிலே பட்டதனால் இறந்தார். அவருடைய உடலிலே காணப்பட்ட மாற்றங்கள், பேற்றுச் சுரத்தால் இறந்த தாய்மாரின் உடலிலே காணப்பட்டவற்றை ஒத்திருந்தன. செம்மல்வைஸ் விடையைக் கண்டுகொண்டார். பிணவறையிலிருந்து நேரே பேற்றறைக்கு வந்த வைத்தியரின் கைகளே நோயைச் சுமந்து வந்தன. மருத்துவிச்சிகள் பிணவறைக்குப் போவதில்லை. ஆகையால் அவர்கள் பிரிவிலே தாய்மார் பிழைத்தனர்.

அவ்வாண்டு மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிலே கைகழுவிய பின்னரே எவரும் பேற்றுப் பிரிவுக்குள் நுழைய வேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்குப் பதினெண்மர் இறந்த அப்பிரிவிலே, ஜூன் மாதத்தில் இறந்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர். இவ்வளவு தெளிவான சான்று இருந்தும் மூத்த வைத்தியர் பலர் அதனை ஏற்கவில்லை. தம் கைகளே கொன்றன என்று ஒப்புக்கொள்வது எளிதன்று. செம்மல்வைஸ் பதவி இழந்தார், ஊர் திரும்பினார், 1865இல் ஒரு மனநோய் விடுதியிலே, புண்ணிலே நஞ்சேறி இறந்தார். அவருக்கு முன்னரே, 1795இல் ஸ்கொத்லாந்திலே அலெக்சாந்தர் கோர்டன் என்பாரும், 1843இல் அமெரிக்காவிலே ஒலிவர் வென்டல் ஹோம்ஸ் என்பாரும் இந்நோய் பேறு பார்ப்போராற் பரவுகிறது என்று எழுதியிருந்தனர். அவர்களுக்கும் கிடைத்தது ஏச்சுத்தான்.

1879ஆம் ஆண்டிலே பாரிஸ் வைத்தியக் கழகத்தில் ஒருவர் பேற்றுச் சுரத்தின் காரணங்களை விரித்துரைத்துக்கொண்டிருந்தார். அவையிலிருந்த லூயி பாஸ்டர் இடைமறித்து எழுந்து, கரும்பலகையிலே மணிக்கோவை போன்ற சில உருண்டைகளை வரைந்து, இதுவே அந்தக் கிருமி என்றார். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்று இன்று நாம் அழைக்கும் கிருமி அது. பகைவன் யார் என்பது தெரிந்துவிட்டது.

நண்பன் யார் என்பது தெரியப் பின்னும் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. இவ்வரலாற்றிலே மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதி இதுவே ஆதலின் சற்று நின்று பார்ப்போம். ஜெர்மனியின் லைப்சிக் நகரிலே மகப்பேற்று வைத்தியராயிருந்த ஆல்பர்ட் டொடர்லைன் என்பவர், பேற்றுச் சுரத்தின் மூலத்தைத் தேடிப் பெண்களின் யோனிக் கசிவைப் பரிசோதித்தார். 1892இல் அதனை ஒரு நூலாக வெளியிட்டார். நோயற்ற பெண்களிடத்தே அவர் கண்டது வெறுமையன்று. நீண்ட கோல் வடிவான ஒருவகை நுண்ணுயிர் அங்கே ஏராளமாக வாழ்ந்தது. அது வாழ்ந்த இடத்திலே கசிவு புளிப்பாக இருந்தது. அந்தப் புளிப்பிலே தீய கிருமிகள் தழைக்க மாட்டாமல் மடிந்தன.

தயிர் தோய்க்கும் எவர்க்கும் இது விளங்கும். காய்ச்சிய பாலிலே உறை குற்றுகிறோம். உறையிலுள்ள நுண்ணுயிர்கள் பாலிலுள்ள இனிப்பை உண்டு லாக்டிக் அமிலத்தை ஆக்குகின்றன. பால் புளிக்கிறது, புளித்தபின் வேறு கிருமி அதனை எளிதிற் கெடுக்க முடிவதில்லை. அந்த நுண்ணுயிர்க் குடும்பத்தைச் சேர்ந்த லாக்டோபசிலஸ் இனங்களே பெண்ணின் உடலிலும் குடியிருக்கின்றன. பருவமெய்திய பெண்ணின் உடலிலே சுரக்கும் ஈஸ்ட்ரஜன் என்னும் ஓமோன், யோனிச் சுவரின் உயிரணுக்களிலே கிளைக்கோஜன் என்னும் மாப்பொருளைச் சேர்த்து வைக்கிறது. அதிலிருந்து வரும் வெல்லமே அவ்வுயிர்களுக்கு உணவு. உணவளித்துக் காவலரை வைத்திருக்கும் அரண் என்று இதனைச் சொல்லலாம். வெளியிலிருந்து தயிரை அள்ளிப் பூசினால் இக்காவல் கூடும் என்று எவரும் எண்ணிவிடலாகாது. தயிரிலுள்ள இனங்கள் வேறு, அங்கே வாழும் இனங்கள் வேறு.

ஆனால் இவ்வரண் பேற்றின்போது திறந்துவிடுகிறது. பன்னீர்க்குடம் உடைந்து வெளிப்படும் நீருக்கும், பின்னர் ஒழுகும் இரத்தத்துக்கும் புளிப்பு இல்லை. பிள்ளையும் கொடியும் வெளிவந்ததும் ஈஸ்ட்ரஜன் சடுதியாகக் குறைகிறது. காவலருக்கு உணவும் குறைகிறது. கருப்பையின் உட்சுவரோ, கொடி பிரிந்த இடத்திலே பச்சைப் புண்ணாக இருக்கிறது. 2015ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பேற்றுக்குப் பின் லாக்டோபசிலஸ் குறைந்து வேறு பல கிருமிகள் பெருகும் நிலை சிலரிடத்தே ஓராண்டு வரையிலும் நீடிப்பதைக் கண்டனர். கழுவாத கையொன்று அக்காலத்தே கொண்டுவரும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ், காவலற்ற கோட்டைக்குள் புகும் பகைப்படை.

ஐரோப்பாவிலே தோன்றிய இவ்வறிவு மாத்தளையின் லயத்துக்கு எப்போது வந்தது? தமிழிலே மகப்பேற்று நூல் இல்லாமையால் வரவில்லை என்று சொல்வதற்கில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே வைத்தியம் கற்பித்த சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் வைத்தியர், மோன்செல் என்பாருடைய மகப்பேற்று நூலை 1857ஆம் ஆண்டிலேயே தமிழாக்கி அச்சிட்டுவிட்டார். தமிழராய்ப் பிறந்து மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்றவர் பலர் அவரிடத்தே உருவாயினர். கொழும்பிலே 1879ஆம் ஆண்டில், சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா அளித்த கொடையினால் பிள்ளைப்பேற்று வைத்தியசாலை ஒன்று திறக்கப்பட்டது. அங்கே மருத்துவிச்சிகள் பயிற்சி பெற்றனர். நூலும் இருந்தது, வைத்தியசாலையும் இருந்தது. ஆனால் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையிலே, மலையுச்சித் தோட்டத்திலே, படிக்கத் தெரியாத ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குப் பேறு பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடத்திலே செம்மல்வைஸின் செய்தியைக் கொண்டுசெல்லும் பொறுப்பு எவரிடத்திலும் இல்லை.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்றும் கூறலாகாது. கோப்பி மாவட்டங்களுக்கென 1872ஆம் ஆண்டிலே வைத்திய தேவைகள் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 1912ஆம் ஆண்டில் அது புதுக்கப்பட்டது. அதிலே ஒரு விதி நம் பேச்சுக்கு உரியது. தோட்டத்திலே பிள்ளை பெற்ற பெண் தொழிலாளிக்கு முப்பது நாளுக்குப் போதிய உணவும் உறையுளும் தோட்டத்துரை அளித்தல் வேண்டும். வைத்திய அதிகாரி தகுதிச் சான்று அளித்தாலன்றி அந்நாட்களிலே அவளை வேலைக்கு அனுப்பலாகாது. முப்பது நாள் என்ற கணக்கைச் சட்டம் இயற்றியோர் எந்த நுண்ணுயிர் ஆராய்ச்சியிலிருந்தும் பெற்றிருக்க மாட்டார்கள். நம் முன்னோரும் தீட்டுக் கழிக்கும் நாள் வரையிலும் தாயை மூலையிலே இருத்திக் காயம் கொடுத்தார்கள். அதைத் தீட்டு என்று பெயரிட்டது பெண்ணை இழிவுபடுத்திய பெயரே. ஆயினும் அப்பெயரின் மறைவிலே அவளுக்கு ஓய்வு கிடைத்தது. உடலின் அரண் திறந்திருக்கும் நாட்களிலே அவள் கூடையைச் சுமக்கவில்லை. இன்னொரு முறை, 1939ஆம் ஆண்டின் பேறுகால நன்மைகள் சட்டம் அவ்வோய்வுக்குக் கூலியையும் சேர்த்தது. விதி ஏட்டிலே எழுதப்படுவதும் லயத்திலே நடப்பதும் ஒன்றல்ல என்பது தோட்டத்திலே பிறந்த எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

இனி, மாத்தளை உலக வைத்திய வரலாற்றிலே பெயர்பெற்ற ஒரு நிகழ்ச்சியைக் காண்போம். அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனம் கொழுக்கிப்புழு நோயை ஒழிக்கும் இயக்கத்தை இலங்கையிலே தொடங்க எண்ணியபோது, முதற்களமாகத் தெரிந்துகொண்டது மாத்தளைத் தோட்டங்களையே. 1916ஆம் ஆண்டிலே அவ்வேலை தொடங்கிற்று. வீடுவீடாகச் சென்று மலத்தைச் சேகரித்து நுண்ணோக்கியாற் பார்த்தனர். தொழிலாளருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அப்புழுவைச் சுமந்திருந்தமை தெரியவந்தது.

கொழுக்கிப்புழுவுக்கும் பேற்றுச் சுரத்துக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். வெறுங்காலோடு நடப்பவரின் பாதத்தைத் துளைத்து உட்புகும் அப்புழு, குடலிலே கொளுவியிருந்து நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சுகிறது. ஆடவனுக்கு அதனால் சோர்வு வரும். மாதவிடாயாலும் கருவாலும் ஏற்கனவே இரத்தம் செலவாகும் பெண்ணுக்கோ வருவது கடும் சோகை. முகம் வெளிறி, கால் வீங்கி, நாலெட்டு ஏறினால் மூச்சு வாங்கும் பெண்களை மலைநாட்டிலே கண்டவர் உண்டு. அந்த உடம்போடு பேற்றுக்கு உட்படுபவள், மற்றவள் தாங்கும் இரத்தப்போக்கைத் தாங்கமாட்டாள்; மற்றவள் வெல்லும் கிருமியை வெல்லமாட்டாள். சன்னியில் இறந்தவள் என்று எழுதப்பட்ட பெண், பாதி வழியைப் புழுவின் கையிலேயே கடந்துவிட்டவள்.

அவ்வியக்கம் கொடுத்தது வலிய பூச்சி மருந்து. கெனோபோடியம் எண்ணெய் என்னும் அதனைக் கருவுற்ற பெண்களுக்குக் கொடுக்க வைத்தியர் அஞ்சுவது வழக்கம். ஆகவே மிக வேண்டிய காலத்திலே அம்மருந்து அவளுக்கு இல்லை. அன்றியும், மருந்துண்டு புழு நீங்கியவர் மறுபடியும் அதே மலம் கலந்த மண்ணிலேயே நடந்தனர். புழு மறுபடியும் ஏறிற்று. மலசலகூடம் கட்டுவதற்குப் பணம் வேண்டும். மருந்து கொடுப்பதற்கு இசைந்த தோட்ட உரிமையாளர் பலர், கூடம் கட்டுவதற்கு அவ்வளவு விரைவாக இசையவில்லை. நோயை மக்களின் அறியாமை என்று எழுதிவிடுவது மலிவு. குழி வெட்டிக் கூரை போடுவது செலவு. என்னைக் கேட்டால், மாத்தளை உலகுக்குக் கற்பித்த பாடங்களுள் இதுவே முதன்மையானது என்பேன். அந்நிறுவனத்தாரும் நாளடைவிலே அதனை உணர்ந்தனர். 1926ஆம் ஆண்டிலே களுத்துறையில் தொடங்கப்பட்ட சுகாதாரப் பிரிவு, ஒரு நோயை மட்டும் துரத்தாமல், கருவுற்ற தாயையும் குழந்தையையும் குடிநீரையும் கூடத்தையும் ஒருங்கே பார்க்கும் முறையிலே அமைந்தது. பயிற்சி பெற்ற மருத்துவிச்சி வீட்டு வாசலுக்கு வந்தாள். அம்முறை பின்னர் தீவெங்கும் பரவிற்று. தோட்டங்களுக்குப் பிந்தியே வந்தது.

1930களிலே இலங்கையில் 1,00,000 உயிர்ப்பிறப்புக்கு இறந்த தாய்மார் 2,000க்கும் மேற்பட்டவர். ஐம்பது பேற்றுக்கு ஒரு தாய் என்பது அதன் பொருள். 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளையிலே அத்தொகை இன்னும் ஏறிற்று. ஒரு பெண் ஆறோ ஏழோ முறை பேற்றுக்கு உட்பட்ட காலம் அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்த இருளிலே மருந்து ஒன்று வந்தது. ஜெர்மனியிலே டொமாக் என்பவர் சாயப்பொருள் ஒன்றிலே கண்ட ஆற்றலை, இலண்டன் குவீன் சார்லட் வைத்தியசாலையிலே லெனாட் கோல்புறூக் என்பவர் பேற்றுச் சுரம் கண்ட தாய்மாரிடம் பரீட்சித்தார். அதற்கு முன்னர் அவ்வைத்தியசாலையிலே அந்நோயுற்றவருள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறப்பது வழக்கம். 1936ஆம் ஆண்டிலே அவர் வெளியிட்ட கணக்கிலே, புதுமருந்து பெற்ற 64 பேருள் இறந்தவர் மூவரே. சல்பா மருந்துகள் என்று நம் வைத்தியசாலைகளிலே வழங்கியவை இம்மருந்தின் வழிவந்தவை. பின்னர் பெனிசிலின் வந்தது. இரத்தம் ஏற்றும் முறை வந்தது. 1946 முதல் டி.டி.ரி. தெளித்து மலேரியா அடக்கப்பட்டது. மருத்துவிச்சிகளின் தொகை பெருகிற்று. வைத்தியசாலைப் பேறுகள் பெருகின. 1950களின் தொடக்கத்திலே தாய்மார் இறப்பு, முன்னைய அளவிலே மூன்றிலொரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. இப்போது 1,00,000 பிறப்புக்கு 30 அளவிலே நிற்கிறது. இவ்வளவு சிறு வருமானமுடைய நாடு இவ்வளவு விரைவிலே இதனைச் செய்தது எவ்வாறு என்று உலக நாடுகள் இன்றும் கேட்கின்றன.

இவ்வெற்றியின் ஆரவாரத்திலே டொடர்லைனின் கோலுயிர் மறக்கப்பட்டது. கிருமி என்றாலே பகை என்னும் எண்ணம் வேரூன்றிற்று. அதற்கு முன்னரே ஐரோப்பிய வைத்தியசாலைகளிலே கார்பாலிக் அமிலத்தையும் இரச உப்பையும் கரைத்துத் தாய்மாரின் உள்ளே பீச்சிக் கழுவும் வழக்கம் இருந்தது. 1920களிலும் 1930களிலும் அமெரிக்காவிலே தரை துடைக்கும் லைசோல் திரவத்தைப் பெண்கள் உள்ளுறுப்பைக் கழுவுவதற்கென்றே விளம்பரம் செய்து விற்றனர். காவலரையும் கள்வரையும் ஒருங்கே கொன்றுவிட்டு அரண்மனை தூய்மையாயிற்று என்று மகிழ்வது போன்றது இது. இன்றும் கடைத்தட்டிலே நறுமணம் சேர்த்த நீர்மங்கள் அவ்வாறே விற்கப்படுகின்றன. உள்ளே பீச்சிக் கழுவும் பழக்கமுடைய பெண்களிடத்தே புளிப்புக் குன்றி நோய் மிகுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. வெளிப்புறத்தை நல்ல நீராற் கழுவுவதே போதும். உட்புறத்தை உடல் தானே பார்த்துக்கொள்ளும்.

காவலர் குறைந்து வேறு கிருமிகள் பெருகும் நிலையையே வைத்தியர் பற்றீரிய யோனி நோய் என்கின்றனர். கார்ட்னரும் டியூக்சும் 1955இல் அதற்குரிய கிருமிகளுள் ஒன்றை அமெரிக்காவிலே கண்டறிந்தனர். மீன் போன்ற நாற்றமும் சாம்பல் நிறமான நீர்த்த வெள்ளையும் அதன் குறிகள். எந்தக் குறியுமின்றி இருப்பதும் உண்டு. கருவுற்றவளுக்கு அது இருப்பின் குறைமாதப் பேற்றுக்கு ஏதுவாகலாம், மேலே ஏறினால் கருப்பைக்கும் கருக்குழாய்க்கும் அழற்சி தரலாம், எச்.ஐ.வி. முதலிய தொற்றுகள் எளிதிற் பற்றவும் இடமாகும்.

2011ஆம் ஆண்டிலே ராவெல் என்பவரும் அவர் குழுவினரும் அமெரிக்காவிலே நோயற்ற 396 பெண்களைப் பரிசோதித்தனர். அவர்களுள் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினரிடத்தே லாக்டோபசிலஸ் மிகுந்திருக்கவில்லை; ஆயினும் அவர்கள் நலமாகவே இருந்தனர். எல்லாப் பெண்களுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்பது இதனாற் புலனாகிறது. அந்த ஆய்விலே வெள்ளையர், கறுப்பர், இஸ்பானிய வழியினர், ஆசியர் என்று நான்கு வகுப்பினர் இருந்தனர். ஆசியர் என்னும் அந்த ஒரு சொல்லுக்குள்ளே இரத்தோட்டை மலையிலே கொழுந்தெடுக்கும் பெண்ணை அடக்கிவிட முடியாது. அவளுடைய உணவும் உழைப்பும் நீரும் வேறு.

மருந்துண்டு தீர்ந்த பற்றீரிய நோய் சில மாதங்களிலே திரும்பி வருவது வைத்தியருக்கு நீண்ட காலத் தலைவலி. 2025ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலிய ஆய்வாளர் வெளியிட்ட முடிவு இதற்கு ஒரு விடை தந்தது. பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது, பன்னிரண்டு வாரத்துள் நூற்றுக்கு 63 பேருக்கு நோய் திரும்பிற்று. கணவனுக்கும் சேர்த்துக் கொடுத்தபோது, திரும்பியது 35 பேருக்கே. வியன்னாவிலே வைத்தியர்களின் கையிலே இருந்ததை அவர்கள் காண மறுத்தார்கள். இங்கே ஆண்களின் பங்கு நெடுநாள் உறுதிப்படவில்லை.

மாத்தளையின் தோட்டங்களிலே இன்று பேறு லயத்திலே நடப்பதில்லை, வைத்தியசாலையிலே நடக்கிறது. மருத்துவமாது வருகிறாள். மலசலகூடங்களும் லயத்தை அடுத்துப் பெரும்பாலும் உள்ளன. ஆனால் கொழுந்து மலையிலே இல்லை. காலை பெரட்டு முதல் மாலை கொழுந்து நிறுக்கும் வரையிலும், மாதவிடாய்த் துணியை மாற்ற மறைவிடம் இன்றி, நீரைக் குடித்தால் ஒதுங்க நேரும் என்று அஞ்சித் தாகத்தை அடக்கி நிற்கும் பெண்களைப் பற்றி எந்தச் சட்டமும் முப்பது நாள் விதியைப் போலத் தெளிவாக எழுதப்படவில்லை. துவைத்த துணியை வெயிலிலே போடக் கூச்சப்பட்டு, காம்பிராவின் இருட்டு மூலையிலே உலர்த்துவதும் அக்கூச்சத்தின் விளைவே. வெள்ளைபடுதல் என்றால் ஒழுக்கக்கேடு என்று அயலார் பேசுவரோ என்னும் அச்சம் அவளைக் கிளினிக்குக்குப் போகவிடாமல் தடுக்கிறது. போனாலும், அங்கே தமிழ் அறியாத உத்தியோகத்தரிடம் இந்த நோயை எந்தச் சொல்லாற் சொல்வது? கிறீன் வைத்தியர் 1857இல் அச்சேற்றிய தமிழ், அவ்விடத்திலே இல்லாமற் போய்விடுகிறது.

1996ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் சுகவனிதையர் கிளினிக்குகள் அமைக்கப்பட்டுள்ளன. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனையும் அங்கே செய்யப்படுகிறது. முப்பத்தைந்து வயதை எட்டிய பெண்கள் தமது பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலே அதற்குரிய நாளைக் கேட்டறியலாம், கட்டணம் இல்லை. நாற்றமுடைய வெள்ளை, அரிப்பு, அடிவயிற்று நோவு ஆகியவற்றுக்கு எந்த வயதினரும் போகலாம். பேற்றுக்குப் பின் ஆறு வாரத்துக்குள் சுரமோ குளிரோ கடும் வயிற்றுநோவோ நாற்றமுடைய போக்கோ கண்டால் மறுநாள் வரை காத்திராது, இரவாயினும் அவளை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. போகும்போது கணவனும் கூடப் போகட்டும்.